ஒடுங்குதலும் ஒடுக்குதலும்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: ஞானஒடுக்கம். வீட்டை, வேலையை, ஊர்க்கதையை விட்டு, ஒரு மடத்தில் ஒன்றிரண்டு நாள் பேசாமல் இருந்து செபிப்பதற்கு அந்தப் பெயர். சைவக்காரருக்கும் இச்சொல் அந்நியமில்லை. தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று சித்தாந்தம் படித்த பெரியவர்கள் சொல்வார்கள். வந்த உலகம் வந்த இடத்திற்கே திரும்பிச் சேர்வதுதான் அவர்களுடைய ஒடுக்கம். ஆனால் எமது தலைமுறைக்கு இச்சொல் கோயிலிலிருந்தோ மடத்திலிருந்தோ வந்து சேரவில்லை. 'ஒடுக்குமுறை', 'ஒடுக்கப்பட்ட இனம்' என்று துண்டுப்பிரசுரங்களின் வழியாகவே வந்தது. ஒரே வேரிலிருந்து ஞானமும் முளைத்திருக்கிறது, சப்பாத்துக் காலும் முளைத்திருக்கிறது.

ஒடுக்கப்பட்டு வந்தவர்கள் ஒடுக்கத்திற்குப் போகலாமா? வாய் கட்டப்பட்டதால் நாட்டைவிட்டு ஓடிவந்த ஒருவர், வந்த நாட்டில் தானாகவே வாயைக் கட்டிக்கொண்டு ஒருநாள் இருப்பது தகுமா? சிலருக்கு இது சிரிப்பான கேள்வியாகப் படலாம். எங்களுக்கு அப்படிப் படவில்லை.

நாங்கள் நாலுபேர் மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஒரு வீட்டில் இருக்கிறோம். நால்வரும் 2012இல் படகில் வந்தவர்கள், நால்வருக்கும் சமையலறை வேலை. எங்களில் ஒருவர் மன்னார்க்காரர், வேதக்காரர்; மற்றவர்கள் சைவம். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு முடிக்காமல் வந்தவரும், ஓ.எல்.லோடு நின்றவரும் ஒரே தொட்டியில்தான் கோப்பை கழுவுகிறோம். மன்னார்க்காரருக்குத் தன் பங்குக் கோயிலில் ஒரு தாள் கிடைத்தது. கியூ என்ற இடத்தில் யேசுசபையாருடைய கம்பியன் நிலையத்தில் ஒருநாள் மௌனத் தியானம், திங்கட்கிழமை. திங்கள் எங்கள் கடைகளுக்குப் பூட்டு. "வாறியளோ?" என்றார். வேலைத்தலத்து அண்ணை ஒருவர் கேள்விப்பட்டுச் சிரித்தார்: "என்னடாப்பா, சாமியாராப் போகப் போறியளோ? கிழமையிலை ஆறு நாளும் நீங்கள் வாய் திறக்கிறேல்லை. ஏழாம் நாளும் அதுக்குக் காசு குடுத்துப் போகவேணுமே?"

அண்ணை பகிடியாகச் சொன்னாலும் சொன்னது உண்மை. சமையலறை சத்தமான இடம். டொக்கெற் அடிக்கும் மெஷின் சத்தம், விசிறியின் இரைச்சல், சட்டி விழும் சத்தம், செஃப்பின் ஏச்சு. இவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் எங்களுடைய பங்கு 'யெஸ் செஃப்' என்ற இரண்டு சொல்தான். சம்பளம் குறைந்தாலும் அதே இரண்டு சொல், கை வெந்தாலும் அதே இரண்டு சொல். விஸா கையில் உறுதியாக இல்லாதவன் மூன்றாவது சொல் சொல்லமாட்டான் என்பது சமையலறைகள் எல்லாவற்றுக்கும் தெரியும்.

இப்படி எங்கள் மௌனங்களை எண்ணிப் பார்த்தால் பல வகை வருகிறது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்ற மௌனம் பயம். ஊருக்கு ரெலிபோன் எடுத்து, 'சுகமாய் இருக்கிறம்' என்று சொன்னபிறகு வரும் மௌனம் பாசம். தமிழ்க் கடையில் தெரியாதவர் ஒருவர் 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று கேட்கும்போது வருகிற மௌனம் கணக்கு. இன்னொன்று விசாரணை மௌனம். அகதிக் கோரிக்கை விசாரணையில் எங்களில் ஒருவரிடம், பிடிக்கப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் எம்மூர்க்காரர், தகப்பனுடைய வயது. அவர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒலிப்பதிவில் அந்த இடைவெளிக்கு நீளம் உண்டு, மொழிபெயர்ப்பு இல்லை. முதலில் சொல்லாததைப் பிறகு சொன்னால் அது புதுக்கதை. 2012 ஆகஸ்ட் 13இற்குப் பின் படகில் வந்தவர்களுக்கென்று இந்நாட்டில் ஏற்படுத்தப்பட்ட விரைவு நடைமுறையில், மீளாய்வு பெரும்பாலும் கடதாசியிலேயே நடந்தது. புதிய தகவலை விதிவிலக்கான சூழ்நிலையில் மாத்திரமே ஏற்றுக்கொள்ளலாம் என்பது அப்போதைய சட்டம். அந்த மௌனத்துக்குக் கொடுத்த விலையை வருடங்களாகத்தான் எண்ணவேண்டும்.

ஆக, மௌனம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. கத்தி நல்லதா கெட்டதா என்று சமையல்காரனிடம் கேட்பதுபோல அது.

கம்பியன் என்ற பெயரை நாங்கள் பிறகுதான் தேடிப் படித்தோம். எட்மண்ட் கம்பியன் ஒரு ஆங்கிலேயர். கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் இங்கிலாந்தை விட்டு வெளியேறி, பிராக் நகரில் குருவாகி, 1580இல் மாறுவேடத்தில் நாடு திரும்பினார். அடுத்த வருடம் பிடிபட்டார். இலண்டன் கோபுரச் சிறையில் கை கால்களைக் கட்டி இழுக்கும் பொறியில் போட்டுச் சித்திரவதை செய்தார்கள். 1581 டிசம்பர் 1ஆம் திகதி கொன்றார்கள். புலம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, விசாரணை அறையில் உடைக்கப்பட்ட ஒருவருடைய பெயரில் இருக்கும் வீட்டுக்குத்தான் நாங்கள் மௌனம் தேடிப் போயிருக்கிறோம். ஒடுக்குபவன் எப்போதும் வாயைக் கட்டுகிறான் என்பதில்லை என்பதையும் இந்தக் கதை சொல்கிறது. வாயை வலிந்து திறப்பதும் அவன்தான். எங்கள் நாட்டில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், பொலிஸ் உதவி அத்தியட்சகருக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. வீதியில் பேசாதே, அறைக்குள் பேசு. இரண்டும் ஒரே கையின் வேலை.

இனி அந்த நாள். மொத்தம் பதினைந்து பேரளவில் இருந்தோம். பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரர், இரண்டு வியட்நாமியப் பெண்கள், நாங்கள். வழிநடத்திய சிஸ்ரர் பத்து நிமிடம்தான் பேசினார். எதையும் சாதிக்கவேண்டியதில்லை, நித்திரை வந்தால் நித்திரை கொள்ளலாம் என்றார். ரெலிபோனை விரும்பினால் நிறுத்தி வைக்கலாம். இந்த 'விரும்பினால்' என்ற சொல் எங்களுக்குப் புதிது. எங்கள் அனுபவத்தில் ரெலிபோனை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

முதல் இரண்டு மணித்தியாலம் காதுக்கு வேலையில்லாமல் மூளை கடைக்கணக்குப் பார்த்தது. வாடகை, வட்டி, தங்கச்சியின் கலியாணம், வெள்ளிக்கிழமை ஷிஃப்ற். மதியம் எல்லோரும் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிட்டோம். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மற்றவர்களுக்குக் கேட்டதோ தெரியாது, எங்கள் நால்வருக்கும் கேட்டது. பீங்கான்களைத் தட்டில் அடுக்கி மெஷினுக்குள் தள்ளும் சத்தம். நாலு தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது.

எமது கேள்வியில் இதுவும் ஒரு பகுதி. ஒருவர் மௌனமாக இருப்பதற்கு இன்னொருவர் சமைக்கிறார், கழுவுகிறார், கதவைத் திறந்து மூடுகிறார். ஊரிலும் அப்படித்தான். அப்பு சாமியறையில் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அம்மா பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் நிற்பா. அப்புவுக்கு மோனம், அம்மாவுக்கு வேலை. பெரிய தத்துவங்களில் இந்த அம்மாவைப் பற்றி எழுதிய பக்கங்கள் குறைவு. அந்த வீட்டில் சாப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கோப்பையைத் தாங்களே கழுவித் துடைத்து வைத்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்போலத் தோன்றிய ஒரு கிழவர் மிகவும் மோசமாகக் கழுவினார். பேசத் தடை என்பதால் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் நடந்ததுதான் முக்கியம். யேசுசபையை நிறுவிய இஞ்ஞாசியார் முதலில் ஒரு போர்வீரர். 1521இல் பம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, படுக்கையில் கிடந்து, பிறகு மன்ரேசா என்ற ஊரில் மாதக்கணக்கில் தனித்திருந்தவர். அந்தத் தனிமையில் தொடங்கிய அவருடைய ஆன்மீகப் பயிற்சி நூலுக்கு 1548இல் பாப்பரசர் அங்கீகாரம் கொடுத்தார். அதில் ஒரு பயிற்சி, நற்செய்தியில் வரும் இடத்தை மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்பது. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா மேடுபள்ளமா என்று பார்க்கச் சொல்கிறார். கர்ப்பிணிப் பெண்ணோடு ஒரு குடும்பம் நடந்துபோகும் பாதை அது. சிஸ்ரர் அதைத்தான் எங்களுக்குத் தந்தார்.

எங்களில் வன்னியிலிருந்து வந்தவருக்கு நாசரேத்து வரவில்லை, பரந்தன் முல்லைத்தீவு வீதி வந்தது. நீளமும் தெரியும், அகலமும் தெரியும், எந்தெந்த இடத்தில் எது கிடந்தது என்பதும் தெரியும். அவர் எழுந்து வெளியில் போய் ஒரு யூக்கலிப்ரஸ் மரத்தின் கீழ் நெடுநேரம் நின்றார். யாரும் பின்னால் போய் 'ஆர் யூ ஓகே?' என்று கேட்கவில்லை. சிஸ்ரர் யன்னலால் ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு கோப்பை தண்ணீரைக் கொண்டுபோய் அருகிலிருந்த வாங்கில் வைத்துவிட்டு வந்தார். அன்றிரவு ட்ராமில் அவர் சொன்னார்: "அப்பம்மாவை மாத்தளனிலை தாட்டது எந்த இடமெண்டு எனக்குத் தெரியும். கடற்கரைப் பக்கம், இரண்டு வடலிக்கு நடுவிலை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." பத்து வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கு ஒரு அப்பம்மா இருந்தா என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

விசாரணையில் கேட்டபோது வராத சொல், ஒருவரும் கேட்காதபோது வந்தது. அமைதி கிடைத்தது, பாரம் இறங்கியது என்றெல்லாம் நாங்கள் சொல்ல வரவில்லை. அடுத்தநாள் அவர் வேலைக்குப் போனார், வழமைபோல இரண்டு சொல் பேசினார். ஆனாலும் மௌனத்திலிருந்து ஒரு சொல் பிறந்தது என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

இதற்கு எதிரான வாதத்தை நாங்களே எங்களுக்குள் வைத்துப் பார்த்தோம். 2009இல் உலகம் மௌனமாக இருந்ததல்லவா? மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வார்களே. சுவாமிமார் மாத்திரம் என்ன செய்தார்கள்? இப்படிக் கேட்பவர்களுக்குப் பெயர்களாலேயே பதில் சொல்லலாம். இதே யேசுசபையைச் சேர்ந்த அமெரிக்கரான யூஜின் ஹேபேர்ட் அடிகளார், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு கூடப் போனவர் திரும்பவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவின் முன் ஒரு எண்ணைச் சொன்னார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐ.நா. கணக்கிட்டவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஆயர் 2021இல் காலமானார். கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

செபத்தில் மௌனமாக இருக்கப் பழகியவர்தான் அந்தக் கழித்தல் கணக்கையும் செய்தார். இரண்டும் முரண் என்று நாங்கள் முன்பு நினைத்திருந்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. கத்திப் பேசுகிறவர்கள் எண்களைக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். அவர் கடைசி ஒன்பது பேரையும் விடாமல் சொன்னார். ஒவ்வொருவரையும் எண்ணுவதற்குக் காது வேண்டும், காதுக்கு அமைதி வேண்டும்.

எங்கள் மண்ணிலும் இந்த மரபு இருந்தது. வசாவிளான் பக்கம் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் 1928இல் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். செபம், மௌனம், உழைப்பு. தமிழர் நடுவில், தமிழரால் உண்டான துறவு மடம். எங்கள் வீடுகளில் பலருக்கு அது தோலகட்டி நெல்லிரசப் போத்தலாகவே தெரியும். கொழும்புத்துறையில் யோகர் சுவாமி 'சும்மா இரு' என்று வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். இருவரும் காலமானது ஒரே 1964ஆம் ஆண்டில். 1990 யூனில் பலாலியைச் சுற்றிய கிராமங்கள் இடம்பெயர்ந்தபோது, மௌனத்துக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த மண்ணும் ஆளில்லாமல் போனது. அதன் பிறகு வசாவிளானில் நிலவிய அமைதி இராணுவத்தின் அமைதி. தூரத்தில் நின்று கேட்பவருக்கு மடத்தின் அமைதியும் உயர்பாதுகாப்பு வலயத்தின் அமைதியும் ஒன்றுபோலவே கேட்கும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? எங்களுக்குக் கைகொடுத்தது பள்ளிக்கூடத்து இலக்கணப் பாடம். ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. அடங்குதல் தன்வினை, அடக்குதல் பிறவினை. ஒடுங்குவதும் ஒடுக்குவதும் ஒடுக்கம்தான். அடங்கினாலும் அடக்கம், அடக்கினாலும் அடக்கம், இறந்தவரை மண்ணில் வைத்தாலும் அடக்கம். பெயர்ச்சொல் உண்மையை மறைக்கிறது, வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே யாராவது 'மௌனம் நல்லது' என்று சொன்னால், யாருடைய மௌனம், செய்தவர் யார் என்று வினையைக் கேட்கவேண்டும். ஒருவர் தன்மேல் தானே வைத்துக்கொண்டால் அது தவமாகலாம். இன்னொருவர்மேல் வைத்தால், என்ன பெயர் சூட்டினாலும், அது சப்பாத்துக் கால்தான்.

காந்தி திங்கட்கிழமைகளில் மௌனவிரதம் இருந்தார். அன்றும் சந்திக்க வந்தவர்களுக்குக் கடதாசியில் எழுதிப் பதில் கொடுத்தார். தன் வாயைத்தான் மூடினார், வந்தவர்களின் வாயை மூடவில்லை.

இந்த இலக்கணத்தைப் பிறருக்கு மாத்திரம் வைத்துப் பார்ப்பது சுலபம். நாம் நமக்கும் வைத்துப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி திராணகம, எல்லாத் துப்பாக்கிகளைப் பற்றியும் எழுதியவர், 1989 செப்டெம்பர் 21இல் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு எத்தனை வீடுகளில் எத்தனை பேர் வாய் மூடினார்கள் என்பதற்குக் கச்சேரியில் கணக்கில்லை. 'இப்ப இதைக் கதைக்கிற நேரமில்லை' என்ற வசனம் எங்களோடு விமானத்திலும் படகிலும் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. வீட்டில் அடிவாங்கும் பெண் சொன்னால், 'வெளியிலை சொல்லாதை பிள்ளை, எங்கடை சனத்துக்குத்தான் மரியாதைக் கேடு.' இயக்கத்தில் வலிந்து சேர்க்கப்பட்ட பிள்ளையின் தாய் சொன்னால், 'அக்கா, எதிரிக்கு இது வாய்ப்பாப் போயிடும்.' சாதி பற்றி ஒருவர் சொன்னால், 'இஞ்சை வந்துமோ?' இவையெல்லாம் எமது கைப்பட்ட பிறவினைகள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவருக்குத் தன்வினை எது, பிறவினை எது என்று தனக்குள்ளேயே பிரிக்கத் தெரியாமல் போய்விடுகிறது. நான் பேச விரும்பவில்லை என்று அவர் சொல்வார். விரும்பாதது அவரா, அவருக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கும் சோதனைச்சாவடியா? இதை வெளியில் நிற்பவர் தீர்மானிக்க முடியாது. மருத்துவரும் அதிகாரியும் உறவினரும் 'சொல், சொல்' என்று தட்டினால் அது இன்னொரு விசாரணை அறை. பேசத் தேவையில்லாத, பேசினால் கேட்க ஆளிருக்கிற ஒரு இடத்தை உண்டாக்கலாம். ஒரு கோப்பை தண்ணீரை வாங்கில் வைத்துவிட்டு வரலாம். அதற்குமேல் செய்ய எங்களுக்கு உரிமை இல்லை.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கந்தசாமி கோயிலடியில் தொடர்போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கையில் வைத்திருந்தது படம். பல மணித்தியாலங்கள் பேசாமலேயே இருந்தார்கள். அந்த மௌனத்தை ஒருவரும் சம்மதம் என்று வாசிக்கவில்லை. அதற்கு எதிரே இருந்த அரசின் மௌனத்தையும் ஒருவரும் தவம் என்று வாசிக்கவில்லை. சனத்துக்கு இந்த இலக்கணம் ஏற்கனவே தெரிந்திருக்கிறது.

ஆகவே எங்களுடைய கேள்விக்கு எங்களுடைய பதில் இது. ஒடுக்கப்பட்டவர்கள் ஒடுக்கத்திற்குப் போகலாம். மற்றவர்களைவிட அவர்களுக்கே அது கூடுதலாக உரியது, ஏனென்றால் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றில் தங்களுடைய சொந்த மௌனமும் ஒன்று. போகும்போது தங்கள் கோப்பையைத் தாங்களே கழுவட்டும். திரும்பி வரும்போது ஒரு சொல்லாவது கொண்டு வரட்டும், கொண்டு வராவிட்டாலும் ஏன் என்று யாரும் கேட்கவேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு, பக்கத்திலிருப்பவர் பேசத் தொடங்கும்போது, 'இப்ப வேண்டாம்' என்று மாத்திரம் சொல்லாதிருக்கட்டும்.